காய்ச்சலோடு தபால் கொடுக்கப் போகலாமா?

சுகநலப் பகுதி: சுகயீன காலச் சம்பளமும் வேலைத்தலத்துக்கு அறிவித்தலும்



கொரோனாக் காலம் போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டிருக்கிறோம். ஆனாலும் மாரி வந்தால் தடிமனும் காய்ச்சலும் இருமலும் திரும்பவும் வீட்டுக்கு வருகின்றன. எங்கள் குடும்பங்களில் தபால் கொடுப்பவர்கள், பொதி விநியோகிப்பவர்கள், விடியற்காலையில் பத்திரிகை போடுபவர்கள், களஞ்சியங்களில் பொதி பிரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "நிண்டால் சம்பளத்தை வெட்டுவாங்கள், பிறகு வேலையும் போயிடும்."

இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2020 எங்களுக்குக் கற்றுத் தந்தது

2020 மார்ச்சில் நாடே வீட்டுக்குள் இருந்தபோது தபால் ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். கடைகள் பூட்டியிருந்ததால் பொதிகள் குவிந்தன. அந்த மாதத்திலேயே டொச்ச போஸ்ட் நிறுவனம், பொதி வாங்குபவரிடம் கையொப்பம் பெறும் வழக்கத்தை நிறுத்தியது. எல்லோரும் தொடும் பேனாவும் கருவியும் நோயைக் கொண்டுபோகலாம் என்பதே காரணம். அதே ஆண்டில் அந்த நிறுவனம் உலகெங்கும் உள்ள தன் ஊழியர்களுக்குத் தலா 300 யூரோ வெகுமதியும் கொடுத்தது.

வாசலில் இருந்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருந்தது. யேர்மனியில் கொரோனா முதலில் பெரிதாகப் பரவிய இடங்களில் ஒன்று ஹைன்ஸ்பேர்க் மாவட்டம். அங்குள்ள ஹூக்கெல்ஹோவன் நகரில், 2020 மே மாதத் தொடக்கத்தில், பொதி விநியோக நிலையம் ஒன்றில் பலருக்குத் தொற்று இருப்பது தெரியவந்து, அந்த நிலையம் மூடப்பட்டது. பொதி நகரும் பட்டியின் இரு பக்கமும் நெருங்கி நிற்பது, ஒரே வாகனத்தில் இருவர் போவது, சிறிய அறையில் சேர்ந்திருந்து சாப்பிடுவது எல்லாம் இந்த வேலையின் இயல்பு. இப்படியான இடத்துக்கு ஒருவர் காய்ச்சலோடு வந்தால், அது அவரோடு நிற்பதில்லை. சக ஊழியருக்கும், அவர் வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே சுகயீனச் சம்பளம் வெறும் காசுப் பிரச்சினை அல்ல. சம்பளம் வரும் என்று தெரிந்தவர்தான் பயமின்றி வீட்டில் இருப்பார். அதனால்தான் இதைச் சுகநலப் பகுதியில் எழுதுகிறோம்.

இந்த உரிமை எப்படி வந்தது?

1883இல் பிஸ்மார்க் காலத்துச் சட்டம் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைக் கொண்டுவந்தது. ஆனால் நோயுற்ற தொழிலாளிக்குக் கிடைத்தது சம்பளத்தின் ஒரு பகுதி மட்டுமே. 1956 ஒக்டோபரில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில உலோகத் தொழிலாளர்கள், முக்கியமாக இந்த உரிமைக்காக, வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 1957 பெப்ரவரி வரை பதினாறு வாரங்கள் நீடித்தது. 1970ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தொழிலாளர்களுக்கும் ஆறு வார முழுச் சம்பளம் சட்டமானது. 1996இல் அதை 80 வீதமாகக் குறைத்தார்கள். 1999 தொடக்கத்தில் மீண்டும் 100 வீதம் ஆனது. ஆகவே இது முதலாளி மனமிரங்கித் தரும் சலுகை அல்ல. போராடிப் பெற்ற உரிமை.

இன்று என்ன கிடைக்கும்?

1. வேலைக்குச் சேர்ந்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரை வேலை கொடுப்பவரே முழுச் சம்பளம் தரவேண்டும். பகுதிநேர வேலைக்கும் மினிஜொப்புக்கும் இது பொருந்தும். "மினிஜொப்புக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2. ஆறு வாரத்துக்குப் பின் கிராங்கன்காசே 'கிராங்கன்கெல்ட்' தரும். அது மொத்தச் சம்பளத்தின் 70 வீதம், ஆனால் கைக்கு வரும் சம்பளத்தின் 90 வீதத்துக்கு மேற்படாது. ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளுக்குள் 78 வாரங்கள் வரை என்பது எல்லை. சம்பளம் பெற்ற ஆறு வாரமும் இதற்குள் அடங்கும். மினிஜொப் மட்டும் செய்பவருக்கு அந்த வேலை மூலம் கிராங்கன்கெல்ட் கிடைக்காது.

3. வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ விழுந்து காயப்பட்டால் அது விபத்துக் காப்புறுதிக்குரியது. வைத்தியரிடம் போனவுடனேயே "வேலையில் நடந்தது" என்று சொல்லுங்கள். தபால் மற்றும் பொதித் துறைக்குப் பொறுப்பானது பே.கே. ஃபெர்கேர்.

கொரோனாக் காலத்தில் ஒரு குழப்பம் இருந்தது. நோயாளி வேறு, நோயில்லாமல் தனிமைப்படுத்தப்பட்டவர் வேறு. முன்னவருக்குச் சுகயீனச் சம்பளம். பின்னவருக்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் இழப்பீடு. அந்தத் தனிமைப்படுத்தல் கட்டளைகள் இப்போது இல்லை. ஆகவே இன்று வேலைக்குப் போகலாமா என்பதை வைத்தியரோடு பேசியே முடிவெடுக்க வேண்டும்.

அறிவிக்காமல் இருப்பதே ஆபத்து

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, பொதி கொடுக்கும் வேலை. கடும் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தார். டொச் மொழியில் தொலைபேசியில் பேசக் கூச்சம். "துண்டு எடுத்துக்கொண்டு நேரே போய்க் குடுப்பம்" என்று இருந்துவிட்டார். நாலாம் நாள் போனபோது எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. அந்தக் கடிதத்தில் நோயைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அறிவிக்கவில்லை என்பதே குறை.

ஆகவே ஒழுங்கு இதுதான்:

முதல் நாளே, வேலை தொடங்குவதற்கு முன்பே, அறிவியுங்கள். யாருக்கு, எந்த இலக்கத்துக்கு என்பதைச் சுகமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை நாள் ஆகலாம் என்பதையும் சொல்லுங்கள். கூச்சமென்றால் இந்த ஒரு வரி போதும்: "குட்டன் மோர்கன், இஷ் பின் கிராங்க் உண்ட் கான் ஹொய்ட்ட நிஷ்ட் ஆர்பைட்டன்." நிறுவனம் ஏற்றுக்கொண்டால் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அனுப்பியதை அழிக்க வேண்டாம்.

மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த வேலைநாளில் வைத்தியச் சான்று இருக்கவேண்டும். திங்கள் சுகமில்லை என்றால் வியாழன். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். முதல் நாளிலேயே சான்று கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

2023 தொடக்கத்திலிருந்து, அரச நோய்க் காப்புறுதியில் உள்ளவர்களின் சான்றை நிறுவனம் கிராங்கன்காசேயிடமிருந்து கணினி வழியாக எடுக்கிறது. துண்டைக் கொண்டுபோகத் தேவையில்லை. ஆனால் அறிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

என்ன நோய் என்று நிறுவனத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்குப் போகும் தகவலில் நோயின் பெயர் இருக்காது. ஆனால் தொற்றும் நோயென்றால், பக்கத்தில் நின்று வேலை செய்த நண்பருக்கு நீங்களாக ஒரு வார்த்தை சொல்வது நல்ல மனம்.

சான்று முடியும் நாளில் இன்னும் சுகமில்லையா? அடுத்த வேலைநாளுக்குள் தொடர்சான்று எடுங்கள். இடைவெளி விட்டால் கிராங்கன்கெல்ட் தடைப்படலாம்.

ஊருக்குப் போன இடத்தில்

விடுமுறையில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ காய்ச்சல் வந்தால், உடனே நிறுவனத்துக்கும் கிராங்கன்காசேக்கும் அறிவியுங்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற முகவரியையும் கொடுக்கவேண்டும். அங்கே கணினி வழி இல்லை, கடதாசிச் சான்றுதான். அதில் "நோயுற்றிருக்கிறார்" என்பது மட்டும் போதாது. "வேலை செய்ய இயலாத நிலையில் இருக்கிறார்" என்பதும், எந்தத் திகதியிலிருந்து எதுவரை என்பதும் இருக்கவேண்டும். சான்று இருந்தால் அந்த நாட்கள் உங்கள் விடுமுறையில் கழியாது.

வேலை போய்விடுமா?

உண்மையைச் சொல்வதானால், நோயாக இருக்கும்போது வேலைநீக்கமே செய்யமுடியாது என்று இல்லை. ஆனால் நோயைக் காரணமாக வைத்து நீக்கினாலும் அந்த ஆறு வாரச் சம்பளம் தப்பாது. வேலைநீக்கக் கடிதம் கையில் கிடைத்தால் மூன்று வாரத்துக்குள் தொழில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த மூன்று வாரத்தைத் தவறவிட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கடிதத்தை அலுமாரியில் வைக்காமல், வேலைத்தலத்து ஊழியர் மன்றத்திடமோ வெர்டி போன்ற தொழிற்சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ உடனே காட்டுங்கள். உப ஒப்பந்த நிறுவனங்களில் பொதி ஓடுபவர்களுக்கும் இதே சட்டம்தான். உங்கள் பெயரில் வேலை ஒப்பந்தமும் சம்பளத் துண்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வீட்டுப் பாடம்

இந்தக் கிழமைக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒப்பந்தத்தில் சான்று பற்றிய வரியைப் படியுங்கள். டொச் தெரிந்த மகனோ மகளோ இருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்ந்து சொல்லிப் பழகுங்கள்.

காய்ச்சல் வரும் விடிகாலையில் யோசிக்கத் தெம்பிருக்காது. இப்போதே செய்து வைத்தால் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்திருக்கலாம்.