உணவுறையில் நுண்துகள்: இல்லறத்தார் அறிய வேண்டுவன

நானோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1 மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு 1 நானோமீட்டர் ஆகும். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பெரும்பாலும் 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களைக் கையாளும் தொழில்நுட்பத்திற்கு நானோ என்னும் அடைமொழியை 1974-ஆம் ஆண்டில் முதன்முதல் வழங்கியவர் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி.

நம் ஆகமங்கள் பரமாணுவைப் பற்றிப் பேசுவதால் இதுவும் முன்னோர் அறிந்ததே என்று மேடைகளிற் சொல்வாருளர். அது பொருந்தாது. பரமாணு பகுக்கவொண்ணாதது, நானோ துகளோ பல அணுக்கள் கூடிய ஒரு திரள். அதனை மேலும் பகுக்கலாம். பெருமை வேறு, பாடம் வேறு.

இனி, ஒரு பொருளை ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும்? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் முதலிற் கற்ற பாடம். கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த கற்கண்டு நீரில் விரைந்து கரைகிறது. காரணம், பொடிக்கும்போது மேற்பரப்பு மிகுகிறது. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும். பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பரப்பு பெருகவே, அப்பொருளின் செயலும் பெருகுகிறது.

உணவுறைகளில் இது பல வகையாகப் பயன்படுகிறது. முதலாவது களிமண். ஒருவகைக் களிமண்ணைப் பிரித்தால் 1 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் கிடைக்கும். அவற்றை நெகிழியிற் கலந்து படலமாக்கினால், உயிர்வளி நேரே ஊடுருவ இயலாது தகடுகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து செல்ல நேரிடும். வழி நீளுவதால் உள்ளே புகும் காற்றின் அளவு குறைகிறது. எண்ணெய்ப் பண்டம் காறலெடுக்க நாளாகிறது. இரண்டாவது வெள்ளி. நானோ வெள்ளித் துகளிலிருந்து வெளிப்படும் மின்னேற்ற அணுக்கள் நுண்ணுயிர்களை அழிக்கின்றன.

இவ்விரண்டிற்கும் இடையே நமக்கு வேறுபாடு உண்டு. முன்னது தடுப்பு, பின்னது கொலை. நம் வீடுகளில் வற்றலையும் வடகத்தையும் வெயிலிற் காயவைப்பது ஈரத்தை நீக்கி, உயிர் தோன்றுதற்கு இடமில்லாமற் செய்யவே. களிமண் படலம் அந்த இனத்தைச் சேர்ந்தது என்பது என் கருத்து. ஆனால் காற்றில்லா இடத்திலும் வளரும் நுண்ணுயிர்கள் உள்ளமையால், நல்ல உறையிலிருக்கிறது என்பது கொண்டே உணவிற்கு நாம் கொள்ளும் கால வரையறையைத் தளர்த்திவிடலாகாது. இதில் ஐயமுடையோர் துறவோரிடம் கேட்டுத் தெளிக.

மூன்றாவது வகையே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. அது பழத்தின் மேலேயே பூசப்படுவது. பழங்கள் வாடாதிருக்க மெழுகு பூசுதல் பழைய வழக்கம். தேன்மெழுகு, அரக்கு மெழுகு, கார்னோபா மெழுகு ஆகிய மூன்றையும் அறிவிப்புடன் பூச நம் நாட்டு உணவு விதிகள் இடந்தருகின்றன. கார்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனையொன்றின் இலையிலிருந்து கிடைப்பது. அரக்கோ, மரக்கிளைகளில் மொய்த்து வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது; அதனைச் சுரண்டியெடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. தேன்மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பொழுது ஆய்வுக்கூடங்களில் மிகுதியும் பேசப்படும் பூச்சு கைட்டோசன். நானோ துகளாக்கிப் பழத்தின்மேற் பூசினால் பூஞ்சணத்தைத் தடுத்து, பழத்தின் மூச்சையும் மட்டுப்படுத்தும். இயற்கைப் பொருள், மக்கக்கூடியது, நஞ்சற்றது என்றெல்லாம் புகழ்கின்றனர், புகழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அது பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. தொல்காப்பிய மரபியல் நண்டை நான்கறிவுயிருள் வைத்து எண்ணுகிறது. காளானிலிருந்தும் கைட்டோசன் எடுக்கலாம் என்பர். அதனையும் நாம் உண்பதில்லை. சந்தனமும் பூவும் வைத்த பூசைத் தட்டில் பளபளக்கும் ஆப்பிளை வைக்கும் முன், அந்தப் பளபளப்பு எதனாலாயது என்று வினவுதல் மிகையாகாது.

மாற்று வழி இல்லாமலில்லை. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் 2012-ஆம் ஆண்டில் ஒரு கூட்டாய்வைத் தொடங்கின. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஹெக்சனால். புல்லை அறுத்தவுடன் எழும் பசுமணத்தில் இதற்கும் பங்குண்டு. தாவரங்கள் தாமே உண்டாக்குவது. பழம் முதிரும்போது பாஸ்போலிபேஸ் டி என்னும் நொதி உயிரணுக்களின் சவ்வைச் சிதைப்பதாற்றான் பழம் குழைகிறது. அந்நொதியை ஹெக்சனால் அடக்குகிறது. இதனை மிக நுண்ணிய துளிகளாகக் கரைத்து அறுவடைக்கு முன் மாமரத்தில் தெளித்தனர். நானோ இழைகளுள் அடக்கிப் பெட்டியினுள் மெல்ல ஆவியாகுமாறும் செய்தனர். பழம் மரத்திலும் கூடுதல் நாள் நின்றது, பறித்த பின்னும் கெடாதிருந்தது. விலை வீழ்ந்த வாரத்தில் விற்றே தீரவேண்டிய உழவனுக்கு இது பேருதவி.

வாழைத்தண்டு, பருத்தி, மரக்கூழ் ஆகியவற்றின் நாரிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுத்து உறை செய்கின்றனர். மக்காச்சோளப் புரதமும் பயன்படுகிறது. மரவள்ளி மாவினால் செய்யும் உறைகளும் உள. கிழங்கை விலக்குவோர் உறையையும் விலக்க வேண்டுமா என்று என் பேர்த்தி கேட்டாள். உறையை நாம் உண்பதில்லையே என்றேன். ஆயின் உண்ணத்தக்க உறையும் வந்துவிட்டது, ஆதலின் அவள் வினா இன்னும் நிற்கிறது.

உடல்நலக் கேள்வியும் உண்டு. வெண்ணிறமூட்டும் டைட்டானியம் டை ஆக்சைடில் நானோ துகள்களும் கலந்திருக்கும். அதனை உணவிற் சேர்ப்பது இனிப் பாதுகாப்பானதெனக் கொள்ள இயலாதென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021-ஆம் ஆண்டில் கூறியது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை உணவில் தடை செய்தது. அங்கு நானோ வடிவிலுள்ள உணவுச் சேர்பொருளின் பெயருக்கருகே நானோ என்று அச்சிடுதலும் கட்டாயம். நம் நாட்டில் வேளாண்மை, உணவு ஆகியவற்றிற்குரிய நானோ பொருள்களை மதிப்பிடும் வழிகாட்டி நெறிகள் 2020-இல் வெளியாயின. உறையிலிருந்து துகள் உணவுக்குள் இறங்குதல் வெப்பம், புளிப்பு, எண்ணெய் ஆகியவற்றால் மிகக்கூடும். கடையில் வாங்கிய நெகிழிப் பெட்டியில் ரசத்தையும் ஊறுகாயையும் நிரப்பி வைக்கும் பழக்கத்தை இன்றே விடலாம்.

பொட்டலத்தின் பச்சைப் புள்ளி உள்ளிருக்கும் உணவின் மூலப்பொருளைப் பற்றியதே. உறை எதனாலாயது என்பதை அது சொல்லாது. சில்லறையாக எடைபோட்டு விற்கும் பழத்தில் அப்புள்ளியும் இராது. பொட்டலத்தில் நுகர்வோர் தொடர்பு முகவரி அச்சிடப்பட்டிருக்கும். அம்முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையில், பழத்தின் மேற்பூச்சு யாது, அது தாவரத்தினின்று பெற்றதா, பூச்சியினின்றா, இறால் நண்டு ஓட்டினின்றா என்று எழுதிக் கேட்கலாம். விடை வரும்வரை நம்மூர்த் தோட்டத்து வாழைப்பழமும் கொய்யாவும் போதும்.