அப்டேட் செய்த போன் முடங்கினால் யார் பொறுப்பு?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஊரில் ஒரு கடையில் 17,500 ரூபாய்க்குத் தவணையில் செல்போன் வாங்கினேன். இரண்டு மாதங்களுக்கு முன் சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது, செய்தேன். அன்றிலிருந்து போன் கொதிக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை, பேங்க் ஆப் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. “பழைய வெர்ஷனுக்குப் போக முடியாது. வாரண்டி முடிந்துவிட்டது, போர்டு மாற்ற 8,000 ரூபாய்” என்கிறது சர்வீஸ் சென்டர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்காரர், பழைய சாஃப்ட்வேரையும் பேங்க் ஆப்பின் பழைய வெர்ஷனையும் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா?

– வாசகர், ஒரகடம்

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் அந்தக் கடைக்காரரிடம் போனைக் கொடுக்காதீர்கள். பழைய வெர்ஷனை ஏற்றுவதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தப் போன்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆவது பிரிவின்படி, பரிசோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால் பொருளுக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வெளியாள் கை வைத்த போனை அனுப்பினால், “கெடுத்தது அவர்தான்” என்று கம்பெனி ஒரே வரியில் தப்பித்துக்கொள்ளும்.

பேங்க் ஆப் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எங்கிருந்தோ எடுத்த பழைய ஆப்பில் உங்கள் சம்பளக் கணக்கைத் திறக்கவே வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையதே. அலட்சியம் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். அந்த ஆதாரத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இனி வழக்கு. ‘கேட்டால் பழைய வெர்ஷனைத் தர வேண்டும்’ என்று நம் சட்டத்தில் நேரடியாக ஒரு பிரிவு இல்லை. அதனால் அதை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். குறையை நீக்கு, இல்லையேல் போனை மாற்று, இல்லையேல் பணத்தைத் திருப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்கீழ் வரிசையாகக் கேளுங்கள். நஷ்ட ஈடும் சேர்த்துக் கேளுங்கள். வாரண்டி முடிந்தது என்ற பதிலுக்கு அஞ்ச வேண்டாம். போன் தானாகப் பழுதாகவில்லை. கம்பெனியே அனுப்பிய சாஃப்ட்வேர்தான் அதைக் கெடுத்தது என்பது உங்கள் வாதம்.

இந்த வாதம் புதிதல்ல. இத்தாலியில் 2018 அக்டோபரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பழைய போன்களில் புதிய சாஃப்ட்வேரை ஏற்றச் சொல்லி வேகத்தைக் குறைத்தார்கள், அதன் விளைவை முன்கூட்டிச் சொல்லவில்லை, போனைப் பழைய திறனுக்குக் கொண்டுவர வழியும் தரவில்லை என்பதே குற்றச்சாட்டு. நம் நுகர்வோர் ஆணையத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் மேற்கோளாகக் காட்டலாம். இங்கேயும் ஐ.ஓ.எஸ். 18 அப்டேட்டுக்குப் பின் ஐபோன்களில் கோளாறு என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்ததால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷியே இதைத் தெரிவித்தார். தனித்தனி ஆட்கள் செய்த புகார்கள்தான் அந்த நோட்டீஸுக்குக் காரணம்.

எங்கே வழக்குப் போடுவது? இந்தத் தொழிற்பேட்டையில் வெளியூர்க்காரர்கள் பலர் தயங்கி நிற்பது இங்கேதான். போனை ஊரில் வாங்கினீர்கள், கம்பெனியின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருக்கலாம். கவலை இல்லை. நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்று 34-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரகடத்தில் வேலை செய்வதால், காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே மனு போடலாம். வீடியோ வழியாக விசாரிக்கும்படி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது; ஷிப்டை விட்டுச் சம்பளம் இழக்க வேண்டியிருக்காது.

‘அப்டேட் செய்யும்போது நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டீர்களே’ என்பார்கள். அந்த ஒப்பந்தமே நியாயமற்றது என்று தனிக் கோரிக்கை வைக்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே மாவட்ட ஆணையத்தில் பொருளின் குறை, சேவைக் குறைபாடு இரண்டை மட்டும் எழுதுங்கள்.

பில், தவணைச் சீட்டு, சாஃப்ட்வேர் வெர்ஷனும் தேதியும் தெரியும் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் பெறுங்கள். பிறகு 15 நாள் அவகாசம் தந்து கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கோளாறு தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்; அதில் இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.