மெயினை அணைத்தால் போதுமா?

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தோம். அதனால் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை 15 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க எரியும், மெயினை மட்டும் அணைத்துவிடுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கூடவே கூடாது. அந்த ஒயரை முதலில் வெட்டிப் போடுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது சுவரிலிருந்து பிளக் கழன்று வந்தால், வெளியே தெரியும் பின்னில் 230 வோல்ட் நிற்கும். தடுக்கி விழும் குழந்தைக்கு அது தெரியாது.

மெயினை அணைக்க ஒருநாள் மறப்பீர்கள், அல்லது வீட்டில் வேறு யாராவது போட்டுவிடுவார்கள். உங்கள் கரண்ட் மீட்டரைத் தாண்டி டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே பெட்டி, தலைகீழாக ஏற்றியும் விடும். ‘தெருவே இழுத்தால் ஜெனரேட்டர் நின்றுவிடுமே’ என்பார்கள். பெரும்பாலும் நின்றுவிடும்தான். ஆனால் புயலில் உங்கள் வீட்டருகே கம்பி அறுந்து கிடந்தால் இழுக்க வேறு வீடு ஏது? அந்தக் கம்பியைத்தான் லைன்மேன் கையில் எடுப்பார். ஈ.பி. கரண்ட் திடீரென வந்தால் ஜெனரேட்டரின் காயிலும் கருகும்.

தேவை ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். நடுவில் ஆஃப், ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேரச் சேர வழியே இருக்காது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு போல் உள்ளதாக வாங்குங்கள். பேஸோடு நியூட்ரலும் மாற வேண்டும். நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடலாம் என்று வயர்மேன் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஜெனரேட்டருக்கு எர்த்தும் கட்டாயம்.

2 கேவிஏ என்றால் சுமார் 8 ஆம்பியர்தான். லைட், ஃபேன், பிரிட்ஜ் ஆகியவற்றை மட்டும் தனி சர்க்யூட்டாகப் பிரித்து இந்த சுவிட்சில் கொடுங்கள். 1 எச்.பி. மோட்டாரை நம்பாதீர்கள், கிளம்பும்போது ஓட்ட அளவைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே தண்ணீர் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

மழை என்று ஜெனரேட்டரைத் திண்ணைக்கு இழுக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜன்னல் வழியே வந்து தூங்குபவரைக் கொல்லும். கொல்லையில், வீட்டைவிட்டுத் தள்ளி, நாலு பக்கமும் திறந்த கொட்டகை போடுங்கள்.

வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்து, ஈ.பி. அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டி, ஈ.பி. பக்க முனைகள் இரண்டிலும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். வோல்டேஜ் தெரிந்தால் கூலி கொடுக்காதீர்கள்.