பால்வழியின் நடுவை எண்ணப் போகிற பிள்ளைகளுக்கு

1. கணினி அப்புறம், முதலில் வானம். ஆடி மாதம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு விளாத்திகுளம் சாலையில் ஊர் வெளிச்சம் தாண்டி நில்லுங்கள். தெற்கே தேளின் கொடுக்கில் மூல நட்சத்திரம். அதற்குச் சற்று வடக்கே, கண்ணுக்கு ஒன்றும் படாத இடத்தில், 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது பால்வழியின் நடு. நமக்கு அது 50 பாகைக்கு மேல் ஏறி வரும். டெல்லிக்காரர்களுக்கு 32 பாகைதான். நாம் எண்ணப் போவது அங்கே தெரியும் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளை; எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் வேலைக்கு இப்படி வானம் பார்ப்பது உதவாது. உங்கள் மனசுக்காகச் சொன்னேன்.

2. நடுவிலிருந்து கிளம்பும் கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் தூசியைக் கடந்து வருகிறது. 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எக்ஸ் கதிர் பெரும்பாலும் தப்பித்து வந்துவிடும். அதற்குக் கீழே உள்ள மென்கதிர் வழியிலேயே செத்துவிடும். புழுதிக் காற்றில் ஒரு விளக்கு பளிச்சென்று தெரிந்தால் அது பக்கத்துத் தோட்டத்து விளக்கு என்போமே, அதே கணக்கு இங்கேயும். மென்கதிரில் தெரியும் புள்ளி முன்னால் நிற்கும் ஏதோ நட்சத்திரம். நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி முழு நிலாவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி உள்ள ஒரு கட்டத்தில் கண்ட 2,357 புள்ளிகளை 2003இல் பட்டியலிட்டார்கள். அதில் 281 இப்படிப்பட்ட முன்வரிசைக்காரர்கள். முதலில் அவர்களைத் தனியே ஒதுக்குங்கள்.

3. எல்லாரும் கருந்துளை தேடித்தான் வருகிறீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை வெண்குறுமீன்கள் என்றுதான் கருதுகிறார்கள்: காந்தப்புலம் மிகுந்தவை, துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்துக் காய்ச்சுபவை. அவற்றின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு (இன்றைய கணக்கில் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு) என்று 1930இல் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். தொலைநோக்கியின் பெயரும் அவருடையதுதான். நாசா 1998இல் வைத்த பெயர் இங்கே வந்து எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

4. கருவியின் கண் எவ்வளவு கூர்மை என்று தெரியாமல் தரவைத் தொடாதீர்கள். சந்திரா அரை விகலை வரை பிரித்துக் காட்டும். 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பிசி என்ற எக்ஸ் கதிர்க் கருவி ஒரு பாகை அகலத்தை மொத்தமாக வாங்கும், படம் தராது. தனியாக நின்று மின்னும் இரட்டை நட்சத்திரத்தின் துடிப்பை அளக்க அது அருமையான கருவி. நெரிசலான நடுவில் அதை வைத்துத் தலை எண்ண முடியாது. இரண்டின் தரவும் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள்.

5. பல புள்ளிகளில் உங்களுக்குக் கிடைப்பது சில பத்து ஃபோட்டான்தான். அதை வைத்து நிறமாலை வரைந்து கதை கட்டாதீர்கள்.

6. அகச்சிவப்புப் படத்தில் அதே இடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் ஜோடி கிடைத்தது என்று துள்ள வேண்டாம். அங்கே எங்கே கை வைத்தாலும் நட்சத்திரம். உங்கள் பட்டியல் முழுவதையும் பத்து விகலை தள்ளி வைத்து மறுபடி பொருத்துங்கள். அப்போதும் கிடைக்கிற ஜோடிகள் எத்தனையோ, முதல் தடவை கிடைத்ததிலும் கிட்டத்தட்ட அத்தனை தற்செயல்தான்.