மீட்டரை மாட்டும் முன் ஒரு கணக்கு

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்தவர்களிடம் நேர்காணலில் ஓம் விதியைக் கேட்டால் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். இதில் வகுக்கும் பகுதி, ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஓம் 1827-இல் புத்தகமாக வெளியிட்ட விஷயம். அதை ஒப்பிப்பதற்காக யாரும் வேலை தருவதில்லை. "இந்த லைனில் இத்தனை ஆம்பியர் வர வேண்டும்" என்று கிளாம்ப் மீட்டரை மாட்டும் முன்பே சொல்லத் தெரிகிறதா? மெயின்டனன்ஸ் இன்ஜினியர் பார்ப்பது அதைத்தான்.

ஒரு பேக்கிங் மெஷினில் 1,000 வாட் ஹீட்டர் ராடுகள் இரண்டு பேரலலாக இருக்கின்றன. நேம் பிளேட்டில் 230 வோல்ட், 2,000 வாட். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26.4 ஓம். இதை மனதில் வைத்துக்கொண்டு மீட்டரை எடுங்கள். வோல்டேஜ் 215, கரண்ட் 8.1 என்று வருகிறது. பெருக்கினால் 1,740 வாட் சொச்சம். ராடு கெட்டுவிட்டது என்று புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். வகுத்துப் பாருங்கள்: 26.5 ஓம். ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை, சப்ளைதான் குறைவு. ஹீட்டரில் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும். அதனால் வாட் இரட்டிப்பு வேகத்தில் இறங்கும்.

அதே 215 வோல்ட்டில் 4.1 ஆம்பியர்தான் காட்டுகிறது என்றால் கதை வேறு. மின்தடை 52 ஓமுக்கு ஏறிவிட்டது, அதாவது இரட்டிப்பு. ஒரு ராடு போய்விட்டது, அல்லது அதற்குப் போகும் வயர் விட்டுவிட்டது. மெஷினைப் பிரிக்காமலே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வாட் சப்ளையோடு ஆடும். ஹீட்டரின் மின்தடை அவ்வளவாக ஆடாது. ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் வகுங்கள், பிறகு பெருக்குங்கள்.

கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஃபேஸ் வயர் மட்டுமே இருக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து நுழைந்தால் பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துச் சோதிக்கும்போது சப்ளை கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

இந்தக் கணக்கு அதிகம் உதவும் இடம் லூஸ் கனெக்‌ஷன். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. 15 ஆம்பியர் ஓடும் லைனில் ஒரு டெர்மினலின் இரு பக்கமும் மீட்டர் வைக்கிறீர்கள், 1.5 வோல்ட் காட்டுகிறது. 230-க்கு முன்னால் 1.5 என்ன பெரிது என்று விட்டுவிடத் தோன்றும். வகுத்தால் 0.1 ஓம். பெருக்கினால் 22.5 வாட். கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் நாள் முழுக்க எரிகிறது. டெர்மினல் கருகுவதும் வயர் உறை உருகுவதும் இப்படித்தான். எம்சிபி இதற்கு ட்ரிப் ஆகாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. லைனில் சப்ளை இருக்கும்போது எடுக்கும் அளவு இது. கையுறை அணியாமலும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமலும் இறங்காதீர்கள்.

இனி, கணக்கு கைவிடும் இடங்கள். நேர்காணலில் மடக்கும் கேள்விகளும் இங்கிருந்துதான் வரும். 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம் அளவில் காட்டும். கணக்குப்படி 529 ஓம் வர வேண்டுமே? இரண்டும் சரி. டங்ஸ்டன் இழை சூடாகும்போது மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறுகிறது. ஆறிய நிலையில் அளந்ததை எரியும் நிலைக்குப் பொருத்தக் கூடாது.

மோட்டார் இன்னும் பொல்லாதது. ஒரு எச்.பி. என்றால் 746 வாட். 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் எடுக்கும் ஒரு எச்.பி. மோட்டாருக்குப் பெருக்கிப் பார்த்தால் 1,610 வருகிறது. நேம் பிளேட்டில் உள்ள எச்.பி. என்பது ஷாஃப்ட்டில் கிடைக்கும் திறன். மோட்டாரின் எஃபிஷியன்சியும் பவர் ஃபேக்டரும் மீதி வித்தியாசத்துக்குக் காரணம். ஆகவே ஏசி மோட்டாரில் வெறுமனே பெருக்கி வருவதை வாட் என்று எழுதாதீர்கள், வோல்ட்-ஆம்பியர் என்று எழுதுங்கள்.

"வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடுமா, குறையுமா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "ஹீட்டரா, மோட்டாரா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஹீட்டரில் குறையும். லோடு இழுத்துக்கொண்டிருக்கும் மோட்டாரில் கூடும். அதே வேலையை முடிக்க அது அதிக ஆம்பியர் எடுக்கும். வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் ஓடும் பம்ப் மோட்டாரில் காயில் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேள்வி கேட்டவர் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அந்த எதிர்க்கேள்வியைத்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு ஜாப் கார்டில் "செக் செய்தேன், ஓகே" என்று எழுதும் பழக்கம் வேண்டாம். "215 வோல்ட், 8.1 ஆம்பியர், 26.5 ஓம்" என்று தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மெஷின் நின்றால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் இருக்கும்.