கேஸ் கிரில்லுக்கு விறகு மணம்: வலைப்பை செய்யும் முறை

கிரில்லில் சுட்ட கோழி நல்லா வெந்திருக்கு, ஆனா விறகு மணமே இல்லைன்னு கேட்டியே தங்கச்சி, குறை உன் மசாலாவில் இல்லை. கேஸ் சுத்தமா எரியும். அந்த மணம் மரத்துண்டு கனன்று புகையும்போதுதான் வரும். அதுக்குக் கையாலேயே ஒரு கம்பி வலைப்பை மடிச்சுக்கலாம்.

வலை வாங்குற இடத்தில்தான் கவனம் வேணும். ஹார்டுவேர் கடையில் எஸ்.எஸ். மெஷ், 304 கிரேடுன்னு கேளு. விலை குறைவுன்னு ஜி.ஐ. வலையை வாங்கிடாதே. அதில் பூசியிருக்கிற துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிடும். மிஞ்சின சூட்டில் அதன் புகையைச் சுவாசிச்சா குளிர்காய்ச்சல் வரும். கண்ணி ரவை சல்லடை அளவு இருக்கட்டும்.

ஒரு அடிச் சதுரமா வெட்டி, இரண்டா மடி. இரண்டு பக்க ஓரங்களையும் விரல் அகலத்துக்கு இரட்டையா மடிச்சுக் குறடால் நசுக்கு. மிச்சமிருக்கிறது பையோட வாய். வெட்டின கம்பி முனை கையைக் கிழிக்கும், தோல் கையுறை போடாம உட்காராதே. முதல் தடவை காலிப் பையையே சூடாக்கி, ஒட்டியிருக்கிற எண்ணெயை எரிச்சுடு.

இரண்டு கைப்பிடி மரத்துண்டை நெருக்கமாப் போட்டு வாயையும் இறுக்கி மடி. காற்று தாராளமாப் போனா துண்டு குப்புன்னு எரிஞ்சு சாம்பலாகிடும். காற்று குறைஞ்சாத்தான் புகையும். அப்படியும் தீ எழுந்தா அடுத்த பைக்கு வலையை இரண்டு அடுக்கா வை. துண்டை ஊறவைக்கச் சொல்வாங்க, வேண்டாம். தண்ணீர் மேலாகத்தான் நனைக்கும், அது ஆவியாகித் தீரும்வரை புகை வராது.

கோழிக்கும் மீனுக்கும் ஆப்பிள், செர்ரி மரம். ஆட்டுக்கறிக்கு ஹிக்கரி தாங்கும். நம்ம ஊர்னா காய்ஞ்ச கொய்யா விறகு அருமை. அரளிக் குச்சி விஷம், பக்கத்திலேயே கொண்டு வராதே. பிளைவுட், பெயின்ட் அடிச்ச பலகை, பிசின் வடியற பைன் எதுவும் ஆகாது.

பையைக் கம்பித்தட்டுக்கு அடியில், ஓரத்து பர்னருக்கு மேலே வை. அந்த பர்னரை மட்டும் கூட்டி, புகை கிளம்பினதும் குறைச்சுடு. முதல்ல வர்ற அடர்ந்த வெள்ளைப் புகையில் வச்சா கறி கசக்கும். புகை மெலிஞ்சு லேசா நீலம் காட்டும்போது கோழியை மறுபக்கம் வச்சு மூடு. குளிர்ந்த, ஈரமான பரப்பில்தான் புகை நல்லா ஒட்டும். அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வச்சுடலாம். பனீருக்குக் கொஞ்ச நேரமே தாராளம். கத்தரிக்காயையும் இப்படிச் சுட்டுக் கொத்சு பண்ணிப் பாரேன்.

மணம் வந்துட்டா வெந்ததுன்னு அர்த்தமில்லை. கோழியின் உள்சூடு 74 டிகிரி தொடணும்.

இதெல்லாம் திறந்த வெளியில் மட்டும்தான். மூடின பால்கனியில் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதுக்கு வாசனை கிடையாது. ஆறினதாத் தெரியற பைக்குள்ளே கங்கு இருக்கும். இரும்பு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே சாம்பலைக் கொட்டு.