மண்ணில் ஒளிந்திருக்கும் மருந்து



காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் சிவந்துபோகும். பயந்து மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு என்பதால் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். இம்மருந்தின் பூர்வீகம், பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காட்டிலிருந்து 1957-இல் எடுத்துச்சென்ற மண்ணிலிருந்த பாக்டீரியா. அதற்கு முன்பே, 1943-இல், அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஷாட்ஸ் என்ற மாணவர் எருவிட்ட மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். (1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது வேறு கதை.)

மழை விழுந்ததும் வரும் மண்வாசனைக்குப் பெரும்பாலும் இந்த இனத்துக் கிருமிகளே காரணம்.

நம் கடலூர் மாவட்டத்திலும் தேடல் நடந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் சதுப்புக்காட்டுச் சேற்றில் இவற்றைத் தேடினார்கள். சேற்றை உலர்த்தி, நீரில் படிப்படியாகக் கரைத்து, அகர் தட்டில் பரப்பி, ஒரு வாரமாவது காத்திருக்கவேண்டும். சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் திட்டுகள் எழும். ஒரு திட்டை எடுத்துக் கோடாக வளர்த்து, அதற்குக் குறுக்கே நோய்க்கிருமியை இழுப்பார்கள். கிருமி நெருங்க முடியாமல் இடைவெளி விழுந்தால், அங்கே ஏதோ சுரக்கிறது.

உடனே மருந்து கிடைத்துவிட்டது என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த பொருளே திரும்பவும் அகப்படும். சில மனிதருக்கே நஞ்சு. ஆனாலும் தேடாமல் முடியாது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது கிருமி அதற்குப் பழகிவிட்டதை 1948-இலேயே பிரிட்டன் ஆய்வு காட்டியது. இன்று ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத காசநோய் இருக்கிறது.